திருவிருந்துக்கு முன் எழுந்து போகிறவருக்கு

வாசகர் கேள்வி – போதகர் பதில்

கேள்வி: கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் பர்மாவின் மோன் மாநிலத்தில் ஒரு சிறிய தமிழ்ச் சபையைச் சேர்ந்தவன். வயது 46. பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு இந்தச் சபைதான். ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். வேலை குறைந்து, அரிசி, எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போன நாட்களில், பாங்காக் பங்குச் சந்தையின் எண்களை வைத்து ஆடும் ‘டூ டி’ சீட்டில் இறங்கினேன். முதலில் என் பணம் போயிற்று. பிறகு, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்காகச் சபையார் சேர்த்துவைத்திருந்த பணத்திலிருந்து மூன்று தடவையாக 18 லட்சம் கியாட் எடுத்தேன். கணக்குப் பார்க்கும் நாளுக்கு முன் என் மோட்டார் சைக்கிளை விற்று, எடுத்ததை முழுவதும் திரும்ப வைத்துவிட்டேன். வண்டி பழுதாகிவிட்டதால் விற்றேன் என்று மனைவியிடம் சொன்னேன். உடல்நிலையைக் காரணம் காட்டிப் பொறுப்பிலிருந்தும் விலகினேன். நடந்தது இன்றுவரை யாருக்கும் தெரியாது. சீட்டைத் தொட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது.

ஐயா, நான் அழுது அறிக்கை செய்தேன், உபவாசம் இருந்தேன். ஆனாலும் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துப் பாடல் தொடங்கியவுடன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வெளியே போய்விடுகிறேன். வாசலில் கிடக்கும் செருப்புகளை அடுக்கிவைப்பதுபோல நின்றுவிட்டு, ஆசீர்வாதம் கூறும் நேரத்தில் உள்ளே வருகிறேன். அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் ஆக்கினைத்தீர்ப்பைப் புசிக்கிறான் என்ற வசனம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் முழங்காற்படியிட்டால் கர்த்தர் முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல இருக்கிறது. பழையபடி அவரோடு நெருங்க எனக்கு வழி உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, உங்கள் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அவசரமாக எழுதினால், ‘கர்த்தர் மன்னித்துவிட்டார், கவலைப்படாதீர்கள்’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுவேனோ என்று அஞ்சியே தாமதித்தேன். அந்த வரி உண்மையானதுதான். ஆனால் அதை நீங்களே உங்களுக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறீர்கள். பாடல் தொடங்கியதும் கால்கள் வாசலுக்குத்தான் போகின்றன.

உங்களை வெளியே அனுப்பும் அந்த வசனத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அது 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே பவுல் கண்டிப்பது யாரை என்று 20-ஆம் வசனத்திலிருந்து ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு அமர்ந்திருந்தார்கள். அவர்களை நோக்கித்தான் அப்போஸ்தலர், “தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” என்று கேட்கிறார். கர்த்தருடைய பந்தியில் ஒரு மனிதனைத் தலைகுனிய வைத்தார்களே என்பதே அவருடைய கோபம். ‘அபாத்திரமாய்’, அதாவது தகாத விதமாய், என்ற சொல்லும் புசிக்கிற முறையைக் குறிக்கிறதே தவிர, புசிக்கிற ஆளுக்குப் பட்டம் கட்டுவதில்லை. வெட்கப்பட்டவர்களுக்காக வாதாட எழுதப்பட்ட ஒரு பகுதியை, வெட்கத்தால் வாடும் நீங்கள் உங்களுக்கு எதிராகவே வாசித்து வந்திருக்கிறீர்கள். இதை எழுதும்போது என் மனம் வலிக்கிறது, ஏனென்றால் மேடையிலிருந்து அந்த ஒரு வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து அச்சுறுத்தலாக வாசிக்கும் பழக்கம் எங்களைப் போன்ற போதகர்களுக்கே உண்டு.

28-ஆம் வசனமும் இருக்கிறது. “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்.” சோதித்தறிந்து விலகிப் போகக்கடவன் என்று அங்கே எழுதப்படவில்லை. சோதித்தறிவது பந்திக்கு வருவதற்கான வழியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த முதல் இராப்போஜனத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். விடிவதற்குள் மூன்று முறை மறுதலிக்கப்போகிற பேதுருவிடம், அப்படி நடக்கும் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்ன அதே இரவில்தான், அதே கைகளால் ஆண்டவர் அப்பத்தைக் கொடுத்தார்.

இனி, முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல இருக்கிறது என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். வெட்கத்தைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினால் எல்லாச் சொற்களும் முகத்தையே சுற்றி வருகின்றன. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன் என்கிறோம், அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை என்கிறோம், முகங்கொடுத்துப் பேசவில்லை என்று வருந்துகிறோம். செய்த குற்றத்தைத் திரும்பக் கொடுக்கலாம், திருத்தலாம், அதற்கு ஓர் அளவு உண்டு. உங்கள் குற்றத்தின் அளவு 18 லட்சம் கியாட். வெட்கத்துக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. அது செய்ததைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, நீ யார் என்று பேசத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் கடைசிக் காசு வரை திரும்ப வைத்த பிறகும் உங்கள் முகம் நிமிரவில்லை.

பேதுரு மறுதலித்த அந்த நொடியைப் பற்றி லூக்கா மட்டும் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார்: “அப்பொழுது கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப்பார்த்தார்.” சேவல் கூவிக்கொண்டிருக்கிறது, சிஷ்யன் சத்தியம் பண்ணி மறுத்துக்கொண்டிருக்கிறான், கட்டுண்டு நிற்கிற ஆண்டவரோ அந்தப் பக்கமாகத் திரும்புகிறார். முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே போனவன் பேதுருதான். நீங்கள் வீட்டில் முழங்காற்படியிடும்போது உணர்கிற திருப்பமும் அப்படிப்பட்டதாக இருக்குமோ என்று பணிவோடு கேட்கிறேன்: திரும்பியிருப்பது யாருடைய முகம்? நீங்கள் செருப்பு வரிசையை விட்டு உள்ளே வந்து கேட்கிற அந்த ஆசீர்வாதம், “கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி” என்றுதான் சொல்கிறது. திருவிருந்துக்கு வெளியே நின்றாலும் அந்த வார்த்தைக்கு உள்ளே வந்துவிடுகிறீர்களே, அதை ஆவியானவர் விடாமல் பிடித்திருக்கும் நூலாகவே நான் பார்க்கிறேன்.

நீங்கள் மோன் மாநிலத்தில் இருப்பதால் அந்த மண்ணிலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். மௌல்மீனில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ஐயரைப் பர்மாக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் அறிவோம். ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசுக்கும் 1824-இல் மூண்ட போரின்போது அந்நாள் தலைநகரான ஆவாவில் விலங்கிடப்பட்டுச் சிறையில் கிடந்தார். சிறைவாசலுக்கு நடையாய் நடந்து அவரைப் பிழைக்க வைத்த மனைவி ஆன் அம்மையார், 1826 அக்டோபரில் அவர் அருகில் இல்லாதபோது இறந்தார். ஆறு மாதம் கழித்துக் குழந்தை மரியாவும் போனாள். அதன்பின் ஜட்சன் தம்மையே விசாரிக்கத் தொடங்கினார்; ஊழியத்துக்கு வந்ததே புகழாசையால்தானோ என்று தம்மைச் சந்தேகித்தார்; கௌரவப் பட்டத்தைத் துறந்தார்; காட்டுக்குள் குடிசை போட்டுத் தனித்திருந்தார்; தமக்கென்று ஒரு கல்லறைக் குழியை வெட்டி அதன் ஓரத்தில் அமர்ந்திருந்தார். தேவன் தமக்கு அறியப்படாதவராக இருக்கிறார் என்றும், அவரை விசுவாசித்தும் கண்டடைய முடியவில்லை என்றும் 1829-இல் எழுதினார். அவருடைய துயரத்தை வெறும் வெட்கம் என்று சுருக்கிவிட முடியாது. ஆனாலும், தன்னைத் தண்டித்துக்கொண்டால் தேவனை நெருங்கலாம் என்று ஒரு பரிசுத்தவான்கூட நம்பிவிட முடியும் என்பதும், அந்தக் குழியின் ஓரத்தில் தேவன் கிட்டவில்லை என்பதும் அதில் தெரிகிறது. அவர் மெல்ல மெல்ல மனிதரிடமும் வேலையிடமும் திரும்பி வந்தார். 1834 ஜனவரி 31 அன்று பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பை முடித்தார். உங்கள் வாசற்படியும் செருப்பு வரிசையும் உங்களுடைய குழி, சகோதரரே.

அதே காலத்தில் கோ தா ப்யூ என்ற கரேன் இனத்து மனிதர் ஒருவர் இருந்தார். கொள்ளைக்காரர், முப்பது கொலைகள் வரை அவரே ஒப்புக்கொண்டதாக மிஷனரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். கடனுக்காக அடிமைப்பட்டிருந்தவரைப் பணம் கொடுத்து மீட்டு, ஒரு பர்மிய விசுவாசி தம் வீட்டில் வைத்துக்கொண்டார். அவருடைய முரட்டுக் கோபத்தைக் கண்டு சபை தயங்கியது. 1828 மே 16 அன்று தவாயில் போர்ட்மேன் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற அவர், கரேன் மக்களிடையே முதல் விசுவாசியாகி, 1840-இல் இறக்கும்வரை மலை மலையாக ஏறிச் சுவிசேஷம் சொன்னார். அவரை மாற்றியது கர்த்தருடைய கிருபை. ஆனால் அந்தக் கிருபை, கடனை அடைத்து, வீட்டுக் கதவைத் திறந்து, சோற்றைப் பரிமாறிய ஒரு மனிதரின் உருவில்தான் முதலில் அவரிடம் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன ஒரு விஷயம். வண்டி பழுதாகிவிட்டதால் விற்றேன் என்று மனைவியிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றவற்றுக்கெல்லாம் கண்ணீர் இருக்கிறது, அந்த வரிக்கு இல்லை. சபையின் பணம் திரும்பிவிட்டது, சீட்டும் நின்றுவிட்டது. ஆனால் தினமும் உங்களுக்குச் சோறு போடுகிற ஒருவரிடமிருந்து இன்னமும் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். ஒளிந்திருக்கும்வரை வெட்கம் ஆறாது, மூடிவைத்த புண்ணைப் போல. “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்” என்று யாக்கோபு எழுதியதற்கு, “நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு” என்பதே அவர் கூறும் காரணம். தேவனிடம் அறிக்கை செய்தீர்கள், மன்னிப்புக் கிடைத்தது. இன்னொரு மனிதரின் முகம் எல்லாம் தெரிந்த பிறகும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணும்போதுதான் அந்த மன்னிப்பு உடம்புக்குள் இறங்குகிறது.

ஆகையால் என் ஆலோசனை இது. இந்த வாரம், பிள்ளைகள் உறங்கிய பின், மனைவியிடம் முழுவதையும் சொல்லுங்கள். தொகையைச் சொல்லுங்கள், மூன்று தடவை என்பதைச் சொல்லுங்கள், வண்டியைப் பற்றிய பொய்யைச் சொல்லுங்கள். அவர் கோபப்படுவார், சில நாட்கள் பேசாமலும் இருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு, உடனே மன்னிக்கும்படி வசனம் காட்டி அவரை அவசரப்படுத்த வேண்டாம். அடுத்து உங்கள் போதகரிடம் தனியாகச் செல்லுங்கள். பர்மியர் ‘ஆனாடே’ என்பார்களே, பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்ற அந்தக் கூச்சம் நம் தமிழர் இரத்தத்திலும் கலந்துவிட்டது. அவருடைய நேரத்தை வீணாக்குகிறோம் என்று எண்ணித் திரும்பிவிடாதீர்கள். பணம் சபையினுடையது என்பதால் அவர் அறிவது நியாயம். இனிமேல் சபைப் பணத்தை இருவர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாதபடி செய்ய அது அவருக்கும் உதவும். லேவியராகமம் 6-ஆம் அதிகாரம், எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அது இன்று நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டமா என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் முடிந்தபோது, சிறிது சிறிதாக, அந்தக் கல்லறைச் சுவருக்கு அந்தப் பங்கைச் செலுத்துவது உங்கள் கைக்கு நல்லது.

சபை முழுவதற்கும் முன்பாக எழுந்து நின்று சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதே என் எண்ணம். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கிற சிறிய தமிழ்ச் சமூகத்தில், அப்படிப்பட்ட அறிக்கை பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் பின்தொடரும். கர்த்தர் கேட்காத பலி அது.

மனைவியிடம் சொல்வதற்கு முன்பே முதல் ஞாயிறு வந்துவிட்டால் என்ன செய்வது? சொல்லுவேன் என்ற தீர்மானத்தோடு பெஞ்சிலேயே இருங்கள்; பாத்திரம் வரும்போது கையை நீட்டுங்கள். “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்” என்று யோவான் எழுதியது இத்தகைய ஞாயிறுகளுக்காகத்தான். சகலத்தையும் அறிந்தவர் என்பதை நீங்கள் இதுவரை அச்சத்தோடு வாசித்திருப்பீர்கள். யோவான் அதை ஆறுதலாக எழுதியிருக்கிறார்.

என் வாழ்விலும் ஒன்று உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். இளம் உதவிப் போதகராக இருந்தபோது, படுத்த படுக்கையாய் இருந்த ஒரு வயதான தாயாரிடம் வெள்ளிக்கிழமை வந்து ஜெபிக்கிறேன் என்று வாக்களித்திருந்தேன். போகவில்லை. சனிக்கிழமை அவர் இறந்துவிட்டார். அடக்க ஆராதனையை மூத்த போதகர் நடத்தினார், நான் பின்வரிசையில் நின்றேன். அதன்பின் ஏழு மாதம் அந்தத் தெரு வழியாக நடக்காமல் சுற்றிப் போனேன். ஒருநாள் அவருடைய மகன் என் அறைக்கு வந்து, ஒரு பொட்டலத்தில் ஊறுகாய்த் தேயிலையும் வறுத்த பருப்பும் கொடுத்துவிட்டு, அன்று பெய்த மழையில் ஐயா எப்படி வருவார் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் வராததற்குக் காரணம் மழை இல்லை என்பதை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்து ஜெபியுங்கள் என்றார். அந்த வீட்டில் முழங்காற்படியிட்ட மாலையில்தான், ஏழு மாதத்துக்குப் பிறகு, என் ஜெபம் கூரையைத் தாண்டிப் போவதை உணர்ந்தேன்.

கேள்வி: ஐயா, என் மகள் தாய்லாந்துக்கு வேலைக்குப் போயிருந்த இடத்தில் கலியாணம் ஆகாமலே கர்ப்பமாகித் திரும்பி வந்தாள். பேரப்பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம். ஞானஸ்நானத்தை வீட்டிலேயே, சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளலாமே என்று சபை மூப்பர் ஒருவர் சொல்கிறார். கோயிலுக்குள் நுழைந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று எனக்கும் கால் கூசுகிறது. – ரங்கூனிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, குழந்தையைக் கோயிலுக்கே கொண்டு வாருங்கள், ஞாயிறு ஆராதனையில், எல்லோரும் இருக்கும்போது. மகள் செய்த தவறு மகளுக்கும் தேவனுக்கும் உரியது. அவள் மனம் கசந்திருப்பாள் என்றே நம்புகிறேன். ஆனால் அந்தக் குழந்தை வெட்கப்பட வேண்டிய எதையும் செய்யவில்லை. மற்றவர்கள் நம்மேல் போடுகிற வெட்கத்தையும், நாம் செய்த குற்றத்தால் வருகிற வெட்கத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முந்தின கேள்விக்காரர் சரிசெய்ய வேண்டியது அவரிடம் இருந்தது. உங்கள் விஷயத்தில் சரிசெய்ய வேண்டியது சபையிடம் இருக்கிறது.

அந்த மூப்பரிடம் மத்தேயு முதலாம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். ஆண்டவருடைய வம்ச அட்டவணையில் தாமார் இருக்கிறாள், ராகாப் இருக்கிறாள், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று பத்சேபாளும் இருக்கிறாள். மறைக்க நினைத்திருந்தால் அந்தப் பெயர்களை எளிதாக விட்டுவிட்டிருக்கலாம். மரியாளைப் பற்றியும் நாசரேத்தில் நாலு பேர் பேசாமல் இருந்திருப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

சுவிசேஷத்தில் வரும் பெரும்பாடுள்ள ஸ்திரீ, ஓயாத இரத்தப்போக்கோடு 12 ஆண்டு மறைந்து வாழ்ந்து, கூட்டத்துக்குள் பின்னாலே வந்து ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். தொட்டவுடனே சுகமானாள். அப்படியே அவளைப் போக விட்டிருக்கலாம். ஆண்டவரோ நின்று, தொட்டது யார் என்று கேட்டு, எல்லோர் முன்னிலையிலும் அவளை ‘மகளே’ என்று அழைத்தார். ஊர் முன்னால் ஒதுக்கப்பட்டவளை ஊர் முன்னாலேயே மகளாக்கினார். உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு ஞாயிறு வேண்டும், வீட்டின் உள்ளறையில் அது கிடைக்காது. உங்கள் போதகர் தயங்கினால் எனக்கு எழுதுங்கள், நான் அவரோடு பேசுகிறேன்.

கேள்வி: நான் வேலை செய்யும் கடையில் எல்லோரும் புத்த மதத்தவர்கள், மிகவும் நல்லவர்கள். மதியம் அவர்களோடு சாப்பிட உட்காரும்போது கண்மூடி ஜெபிக்க வெட்கமாக இருக்கிறது. இது கிறிஸ்துவை மறுதலிப்பதாகுமா? – இன்சேனிலிருந்து ஓர் இளைஞர்

பதில்: தம்பி, மறுதலிப்பு என்ற பெரிய சொல்லை உங்கள்மேல் சுமத்திக்கொள்ள வேண்டாம். அவர்கள் சங்கடப்படுவார்களோ என்ற மரியாதையும் அந்தக் கூச்சத்தில் கலந்திருக்கிறது. கண்ணைத் திறந்தபடியே மனதுக்குள் நன்றி சொல்லிச் சாப்பிடலாம், கர்த்தருக்குக் கேட்கும். ஆனால் அவர்கள் யாராவது நீங்கள் யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்கும் நாளில் பேச்சை மாற்றிவிடாதீர்கள். அந்த நாளில் சொல்லும் பதிலைச் சாப்பாட்டு மேசையிலேயே, அதே சிநேகத்தோடு சொல்லுங்கள்.